கடைசி விலை

கடையைத் தவிர எதை வேண்டுமானாலும் காட்டுங்கள்
என்றுதான் விமானத்தில் ஏறினேன்.
கடலைக் காட்டினார்கள்.
காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தந்தார்கள்.
மூன்றாம் நாள் காலை
புறக்கோட்டையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், நீ பேசு"
முன்னால் தள்ளினாள் நாத்தனார் பவளக்கொடி.

எனக்குத் தெரிந்தது வேறு.
ரங்கநாதன் தெருவில் நாலு மாடிக் கடை,
இரண்டாம் மாடி, காட்டன் பிரிவு.
பேரம் கிடையாது, ஒரே விலை.
ஐம்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு
"அடுத்த கடையில பார்க்கலாம்" என்று எழுவார்கள்.
அந்த ஐம்பதையும் மடித்தவள் நான்.
பதினோரு வருடம் நின்றவள்.
நின்றவள் என்றால் நின்றவள்.
உட்கார்ந்ததற்குப் பிடித்த பணம்
சம்பளச் சீட்டில் தனி வரியாக வரும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில்
ஒரு நாட்டாமி என் தோளை உரசிக்கொண்டு போனார்.
மூட்டைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன.
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பள்ளிவாசல்.
அண்ணாந்து பார்க்க விடவில்லை,
மூன்று மணிக்குக் கண்டிக்கு வண்டி.

கடைப் பலகையில் மூன்று மொழிகளில் இஸ்ஸதீன்.
"வாங்க மிஸ், சும்மா பாருங்க,
பார்க்கிறதுக்குச் சல்லி இல்ல."

லுங்கி என்றார் என் வீட்டுக்காரர் தங்கப்பழம்.
"சாரமா?" என்றார் அவர்.
கோவில்பட்டியிலும் அது சாரம்தான்.
சென்னைக் கடையில் சூப்பர்வைசர்
என் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க
ஒரு மாதம் ஆனது.

"ரெண்டாயிரத்து எண்ணூறு."
தங்கப்பழம் செல்போனில் மூன்றரையால் வகுத்தார்.
பாதிக்குக் கேள் என்று
பவளக்கொடி என் முதுகில் விரலால் குத்தினாள்.

ஆயிரத்து நானூறு என்றேன்.
என் குரல் எனக்கே எதிரில் நின்று கேட்டது,
கவுண்டருக்கு அந்தப் பக்கத்துக் குரலில்.

"வாங்கின விலையே அதுக்கு மேல மிஸ்."
மேல்தட்டிலிருந்து இன்னும் நாலு இறக்கினார்.
நீலக்கட்டம், பாசிப்பச்சை,
கறுப்பில் மஞ்சள் ஓடியது,
பேர் சொல்லத் தெரியாத ஒரு நிறம்.
பவளக்கொடி ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கி
மூக்கைச் சுருக்கிக் கீழே போட்டாள்.

அவர் இரண்டாயிரத்து அறுநூறு.
நான் ஆயிரத்து அறுநூறு.
"கடைசி விலை, ரெண்டாயிரத்து நானூறு."
எங்கள் கடை இருந்த தெருவில்
நடைபாதைக்காரர்கள் ஒரு நாளைக்கு
நூறு கடைசி விலை சொல்வார்கள்.

பேச்சு வாயில் நடந்தது.
கை வேறு வேலையில் இருந்தது.
கரையோடு கரை சேர்த்து
முழங்கையால் அமுக்கி
இரண்டாய், நாலாய்,
லேபிள் மேலே தெரிய.
நாலை அடுக்கிவிட்டு
ஐந்தாவதற்குக் கை நீண்டபோது
இஸ்ஸதீன் பேரத்தை நிறுத்தினார்.

"மிஸ், எந்தக் கடை?"

"எங்களுக்குக் கடையெல்லாம் இல்லீங்க"
என்றாள் பவளக்கொடி.
அவர் அவளைப் பார்க்கவில்லை.
என் கையைப் பார்த்தார்.

"ரெண்டாம் மாடி" என்றேன், "காட்டன்."
ஏதோ அவருக்கு அந்த மாடிப்படி தெரியும் என்பதுபோல.

கல்லாவின் அடியிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக்
காலால் என் பக்கம் தள்ளினார்.
"இருங்க."

துணி அடுக்குகளுக்கு நடுவே
நான் உட்கார்ந்தேன்.
முதலில் எழுந்துவிடத்தான் பார்த்தது முழங்கால்.
மின்விசிறியின் காற்று
நின்றால் படாத உயரத்தில் வந்துகொண்டிருந்தது.
ஐந்தாவதை அவரே மடித்தார்,
எங்கள் மடிப்பில் இல்லை, மூன்றாய்.
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

விலை மட்டும் இறங்கவில்லை.
மூன்று சாரம் வாங்கினோம்.

நாலு கடை தள்ளி
அதே நீலக்கட்டம் தொங்கியது,
அட்டையில் இரண்டாயிரத்து நூறு.
பவளக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.
தங்கப்பழம் செல்போனை எடுத்தார்.
தொள்ளாயிரம், வகுத்தல் மூன்றரை.
"இருநூத்தி அம்பத்தேழு ரூபா நஷ்டம்."

முக்காலியைச் சேர்த்தீர்களா என்று கேட்க வந்தேன்.
பின்னால் இன்னொரு நாட்டாமி
வழி விடச் சொல்லிக் கத்தினார்.
விட்டேன்.